பொட்டலும் பூங்காவும்: யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடக்கிறது. சறுக்குமரத்தின் தகரத்தில் ஓட்டை. விளக்கு எரிவதில்லை. இருட்டினால் குடிக்கிறவர்கள் வந்து உட்கார்ந்து விடுகிறார்கள். கேட்டில் பூட்டு தொங்குகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை...

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்தைப் புரட்டினாலும் இப்படி ஒரு செய்தி அடிக்கடி கண்ணில் படும். ஊர் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். "பலமுறை மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை" என்று முடியும். படித்துவிட்டு எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் இந்தச் சின்னப் புகாரை ஒருவர் எழுதுவதற்கு முன்னால் நிறைய விஷயங்கள் நடந்திருக்க வேண்டும். முதலில், எல்லோருக்கும் பொது என்று ஒரு இடம் இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். கேட்கிறவரைப் பார்த்து "உனக்கு இதில் என்ன சம்பந்தம்?" என்று யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. விருதுநகர், சிவகாசி பக்கத்தை வைத்துப் பார்த்தால் இவை வந்து சேர நூறு வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் கதை நடுவில் சென்னை, பெங்களூர், டெல்லி என்று சுற்றிவிட்டுத்தான் ஊர் திரும்புகிறது.

முதலில் பொட்டல்.

மழை குறைந்த இந்தப் பூமியில் புல்வெளி, பூச்செடி என்ற அர்த்தத்தில் பூங்கா பழக்கமே இல்லை. இருந்தது பொட்டல். கோயிலுக்கு முன்னால் வெறுமனே கிடக்கும் நிலம். மாட்டு வண்டிகள் அங்கே நிற்கும், பையன்கள் விளையாடுவார்கள், வெயில் தாழ்ந்தால் பெரியவர்கள் காற்றாட உட்காருவார்கள். விருதுநகர் மாரியம்மன் கோயில் பொட்டலுக்குப் பங்குனிப் பொங்கல்தான் பெரிய நாள். அக்கினிச் சட்டி எடுக்கிறவர்கள், ராட்டினம், கடைகள் என்று வருடம் முழுக்க ஊருக்குத் தேவையான கேளிக்கை எல்லாம் அந்தச் சில நாட்களில் வந்து போய்விடும்.

இந்தப் பொது இடங்களை அன்று பராமரித்தது அரசாங்கம் இல்லை, உறவின்முறை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் வியாபாரம் செய்த நாடார்கள், நடக்கும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று எடுத்து வைத்தார்கள். கோயில், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தன. விருதுநகரில் 1889ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்குப் பிடியரிசியும் உண்டு. சமைக்க அரிசி எடுக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடியைத் தனியாகப் போட்டு வைப்பார்கள். அது பள்ளிக்கூடத்துக்கு. பின்னாளில் முதலமைச்சரான காமராஜர் சிறுவனாகப் படித்தது அங்கேதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மகமை கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் வாய் இருந்தது. கிணற்றில் தண்ணீர் சரியில்லை என்றால் உறவின்முறைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். பொறுப்பில் இருப்பவர் அடுத்த தெருக்காரர், ஓடி ஒளிய முடியாது. இன்றைக்கு ஒரு கமிஷனரைப் பிடிப்பதை விட அது சுலபம்!

ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார எல்லோருக்கும் இடம் இல்லை. அது ஒரு சமூகத்தின் சபை, அதிலும் ஆண்களின் சபை. பிடியரிசி போட்ட பெண்ணுக்கே அங்கே நாற்காலி கிடையாது. சேரியில் இருந்தவருக்குக் கேட்கவே வேண்டாம்.

சரி, நாடார்களுக்காவது மற்ற பொது இடங்கள் பொதுவாக இருந்தனவா? அதுவும் இல்லை. கோயிலுக்குள் போகும் உரிமையை அவர்கள் கேட்டதில் வளர்ந்த பகை 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்படுவதில் போய் முடிந்தது. 'சிவகாசிக் கொள்ளை' என்று வரலாற்றில் நிற்கும் நாள் அது. அதே பிரச்சினை கமுதியில் வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. ஒரு வாசல்படியைத் தாண்டலாமா கூடாதா என்பதைக் கடல் தாண்டி முடிவு செய்த காலம். அந்தக் காலத்தில் ஒரு பொது இடத்தின் பராமரிப்பு பற்றி யார் புகார் எழுதுவது? உள்ளே விடுவார்களா என்பதே கேள்வியாக இருந்தது.

'பொது' என்ற சொல்லுக்கு அரசாங்கக் காகிதத்தில் சரியான அர்த்தம் வந்தது 1924ல். இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டு வந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டிடம் எதையும் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடை இல்லை என்று அரசாணை வந்தது. காகிதத்துக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் பூங்கா பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் அடியில் அந்த ஆணை இருக்கிறது.

இதற்கிடையில் நகராட்சிகள் வந்துவிட்டன. விருதுநகருக்கு 1915, சிவகாசிக்கு 1920. (ஊர் அப்போது விருதுபட்டி. 'நகர்' ஆனது 1923ல்.) வரி கட்டினால் வாக்கு, வாக்கு இருந்தால் கேள்வி என்ற புது ஏற்பாடு. கேள்வி கேட்க இனி ஒரே சாதியில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

விருதுநகரில் தேசபந்து மைதானம் என்று ஒன்று உண்டு. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெயரில். அரசியல் கூட்டம் என்றால் அங்கேதான். 1956ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்ததும் இந்த மைதானத்தில்தான். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்படப் பல கோரிக்கைகளை முன்வைத்து ஜூலை 27ல் தொடங்கியவர், அக்டோபர் 13ல் இறந்து போனார். 75 நாட்களுக்கு மேல். அப்போது முதலமைச்சர் காமராஜர், அதே ஊர்க்காரர். கேட்ட பெயர் 1969 ஜனவரி 14ல்தான் நடைமுறைக்கு வந்தது. மைதானம் என்பது பந்து விளையாட மட்டும் இல்லை, ஒரு மனிதன் உட்கார்ந்து "எனக்கு ஒரு குறை இருக்கிறது" என்று ஊருக்குக் காட்டவும்தான் என்பதற்கு விருதுநகரில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

இனி சென்னை. காரணம், ஒரு பூங்கா எப்படிக் காணாமல் போகும் என்பதை அங்கே பார்ப்பது போல வேறு எங்கும் பார்க்க முடியாது.

தெற்கே இருந்து ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூரில் இறங்கி, மின்சார ரயில் ஏறி, அடுத்த நிறுத்தமான 'பார்க்' ஸ்டேஷனில் இறங்குவார்கள். எதிரே சென்ட்ரல். பக்கத்துப் பகுதிக்குப் பார்க் டவுன் என்று பெயர். பார்க் எங்கே? யாரும் கேட்பதில்லை. கேட்டால் காட்டுவதற்கு ரிப்பன் மாளிகையும் நேரு ஸ்டேடியமும்தான் இருக்கின்றன.

1859ல் சென்னை மாகாண கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், நெரிசலான ஜார்ஜ் டவுன் மக்கள் காற்று வாங்க ஒரு பெரிய தோட்டம் வேண்டும் என்று நினைத்தார். பெயரே 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது மக்கள் பூங்கா. 116 ஏக்கர். 11 குளங்கள், உள்ளே ஐந்தரை மைல் சாலை, பாண்டு வாத்திய மேடை, குளிக்கும் இடம், டென்னிஸ் ஆட இடம். இங்கிலாந்தில் பொதுப் பணத்தில் அமைந்த பர்க்கன்ஹெட் பூங்கா திறந்தே அப்போது 12 வருடம்தான் ஆகியிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் சென்னை ஒன்றும் பின்தங்கி இல்லை. டிரெவெல்யன் அதிக நாள் நிலைக்கவில்லை. வருமான வரி போடும் திட்டத்தை எதிர்த்துத் தான் எழுதியதை அவரே வெளியிட்டுவிட, 1860ல் திருப்பி அழைக்கப்பட்டார். பூங்கா மட்டும் நின்றது.

1863ல் மிருகக்காட்சி சாலை அங்கே வந்தது. எட்வர்ட் பால்ஃபர் 1855ல் அருங்காட்சியகத்தில் ஆரம்பித்து வைத்தது அது. சென்னைக்காரர்கள் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர்க் காலேஜ்' என்றும் பெயர் வைத்தார்கள். வெளியூரில் இருந்து வந்தவர்கள் இரண்டு காலேஜையும் பார்த்தால்தான் பட்டணம் பார்த்ததாகக் கணக்கு.

பூங்காவில் வருடக் கடைசியில் பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கூட்டத்தில் தீப்பிடித்தது. சுமார் 400 பேர் இறந்தார்கள். ஒரு பொழுதுபோக்கு இடத்தில் கூட்டம் சேர்ந்தால் என்ன பாதுகாப்பு வேண்டும் என்ற கேள்வி ஊருக்கு இவ்வளவு பெரிய விலை கொடுத்து வந்தது. தீயோடு வாழும் சிவகாசிப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மக்கள் பூங்காவை அழித்தது தீ இல்லை. நல்ல காரியங்கள்!

ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டாமா என்று 1880களில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. நிலம் பூங்காவிலிருந்து, 99 வருடக் குத்தகைக்கு. பிராட்வேயில் தெருவை அடைத்துக் கடை போட்டவர்களுக்கு ஒரு சந்தை வேண்டாமா என்று 1900ல் மூர் மார்க்கெட் திறந்தது. நிலம் பூங்காவிலிருந்து. மாநகராட்சிக்கு ஒரு நல்ல கட்டிடம் வேண்டாமா? 1909ல் அடிக்கல், 1913ல் ரிப்பன் மாளிகை. நிலம் மறுபடியும் பூங்காவிலிருந்து. விளையாட ஸ்டேடியம் வேண்டாமா? அதுவும் பூங்காவில்தான். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் எடுத்து, 2008 வரை உலக சாதனையாக நின்ற ஆட்டம் இந்தக் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்ததுதான். பிறகு அது நேரு ஸ்டேடியம் ஆனது. உயிர்க் காலேஜ் நகரத்துக்கு நடுவில் நெருக்கடியில் இருக்கக் கூடாது என்று வண்டலூருக்குப் போனது. 1985ல் அங்கே திறந்தார்கள். அதே 1985 மே 30ல் மூர் மார்க்கெட் எரிந்து போனது. அந்த இடம் ரயில்வேயிடம் போய் புறநகர் ரயில் நிலையமாகிவிட்டது. கடையை இழந்த வியாபாரிகளை எங்கே வைப்பது? பூங்காவில் மிச்சமிருந்த அல்லிக்குளத்தைத் தூர்த்து வளாகம் கட்டினார்கள். இன்றும் அதற்கு அல்லிக்குளம் வளாகம் என்றுதான் பெயர். அல்லியும் இல்லை, குளமும் இல்லை.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பாருங்கள். எதைக் குறை சொல்வது? சந்தை தேவை. டவுன் ஹால் தேவை. ரயில் தேவை. வீடு வாசல் இழந்த வியாபாரிக்குக் கடை கட்டிக் கொடுக்கக் கூடாது என்று யார் சொல்வார்கள்? பூங்கா மட்டும்தான் "நான் எதற்கு?" என்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றது. வெறும் நிலம் என்றாலே அது இன்னும் ஒன்றுக்கும் பயன்படாமல் கிடக்கிறது என்று அதிகாரிகளுக்குத் தோன்றும் போல.

இதில் உறுத்தும் இடம் ரிப்பன் மாளிகைதான். பூங்காவைப் பற்றிப் புகார் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய அலுவலகம், அந்தப் பூங்காவின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. புகார்தாரர் எங்கே போவார்?

இந்த ஓட்டை 1959ல்தான் சட்டத்தின் கண்ணில் பட்டது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க என்றே ஒரு சென்னைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் பூங்கா, திடல், திறந்தவெளி எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சுத்தமாக வைத்திருப்பதும் கடமை. பொட்டலில் வளர்ந்தவர் ஆட்சியில் இந்தச் சட்டம் வந்ததை வைத்துப் பெரிய கதை கட்ட வேண்டாம். மதிய உணவு, பள்ளிக்கூடங்கள், அணைகள் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது மட்டும் உண்மை.

சட்டம் என்ன செய்தது என்றால், பூங்காவுக்கு ஒரு பெயர்ப் பதிவு கொடுத்தது. அதற்கு முன்னால் ஒரு திறந்தவெளி காணாமல் போனால், போனது என்று நிரூபிக்கவே வழி இல்லை. பட்டியல் இருந்தால் விரல் வைத்துக் காட்டலாம்.

ஆனால் விரல் வைத்துக் காட்டுகிறவர் யார்? "உன் சொத்து பறிபோனதா? உனக்கு நஷ்டமா? இல்லை என்றால் வழக்குப் போட நீ யார்?" என்பது கோர்ட்டின் பழைய கேள்வி. இதற்குப் பதில் பெங்களூரில் இருந்து வந்தது. சதாசிவநகர்ப் பக்கத்தில் லேஅவுட் போடும்போது பூங்காவுக்கு என்று விட்ட திறந்தவெளியை, 1970களில் மருத்துவமனை கட்ட ஒரு தனியார் டிரஸ்டுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மேலிடத்து உத்தரவு. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். முதலில் தோற்றார்கள், பிறகு டிவிஷன் பெஞ்சில் ஜெயித்தார்கள், கடைசியில் உச்ச நீதிமன்றம் 1991 ஜூலையில் அவர்கள் பக்கமே நின்றது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு.

எதிர்த்தரப்பு வாதம் என்ன தெரியுமா? மருத்துவமனையும் மக்களுக்கு நல்லதுதானே! மக்கள் பூங்காவை நூறு வருடமாகத் தின்ற அதே வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பூங்காவுக்கு என்று ஒதுக்கியதை, அதுவும் தனியார் மருத்துவமனைக்கு, மாற்றிக் கொடுக்க அதிகாரம் இல்லை. பக்கத்தில் குடியிருப்பவர்கள் கேட்க உரிமை உள்ளவர்கள்தான். இனி ஊஞ்சல் பற்றிப் புகார் எழுதுகிறவரைப் பார்த்து "நீ யார்" என்று கேட்டால், "பக்கத்துத் தெரு" என்பதே போதுமான பதில். 1999ல் லக்னோவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் நிலத்தைத் தோண்டிக் கட்டிய கடைவளாகத்தை இடித்துவிட்டுப் பூங்காவைப் பழையபடி ஆக்கு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இனிச் சிவகாசி. இங்கே கதை வேறு மாதிரி.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். 1940ல் பட்டாசு வந்தது. பிறகு அச்சகம், காலண்டர். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. விவசாயத்துக்குச் சாபமாக இருந்தது தீப்பெட்டிக்கு வரமாகிவிட்டது. 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தே 1990ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஒரு ஆவணப்படம் எடுத்தார். படத்தின் விஷயம் ஊரின் பெருமை இல்லை, அங்கே வேலை செய்த குழந்தைகள்.

பொழுது விடியும் முன்பே கிராமத்துக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு ஏறுவார்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க வேண்டும், பெட்டி ஒட்ட வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. எனவே ஓடிப் பிடித்து விளையாடினால் அந்த நிமிடத்துக்குக் காசு இல்லை. திரும்பி வரும்போது இருட்டிவிடும். மாலை ஆறு மணிக்குத் தெருவில் குழந்தையே இல்லாத ஊரில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடப்பதை யார் கவனிப்பார்கள்? பூங்கா இல்லை என்று புகார் வர வேண்டுமானால் முதலில் குழந்தைக்கு ஒரு சாயங்காலம் இருக்க வேண்டும்.

இந்தப் புகாரைக் கொண்டு போனது ஊர்க்காரர்கள் இல்லை. டெல்லி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. 1986ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்காகப் போட்டார். எதிர்மனுதாரர் தமிழ்நாடு அரசு. ஊர்க்காரர்கள் ஏன் போகவில்லை என்று இன்று உட்கார்ந்து கேட்பது சுலபம். மழை பொய்த்த வருடத்தில் வீட்டில் அடுப்பெரிய வைத்தது அந்தக் கூலிதான். அம்மாவும் அதே பஸ்ஸில்தான் போனாள். யாரை எதிர்த்து யார் மனு எழுதுவது?

அதே 1986ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தயாரிப்பை 14 வயது ஆகாத குழந்தைகளை வைத்துச் செய்யக் கூடாத வேலைகளில் சேர்த்தது. ஆனால் குடும்பமாக வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு கொடுத்தது. பெட்டி ஒட்டும் வேலை திண்ணைக்கே வரக்கூடியது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

வழக்கில் முதல் தீர்ப்பு 1990 அக்டோபர் 31. இப்போது படித்தால் விசித்திரமாக இருக்கும். தயாரிப்பு நடக்கும் இடத்தில் குழந்தைகள் கூடாது, ஆனால் தள்ளி இருக்கும் பேக்கிங் வேலையில் இருக்கலாம். பெரியவர் கூலியில் குறைந்தது 60 சதவீதம் கொடுக்க வேண்டும். தொழிலாளிக்கு 50,000 ரூபாய் இன்சூரன்ஸ். அதோடு, அந்தக் குழந்தைகளுக்குப் பொழுதுபோக்குக்கும் மருத்துவத்துக்கும் வசதி செய்து தர வேண்டும், சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும் என்று மாநில அரசுக்கு உத்தரவு. சிவகாசிக் குழந்தைகளுக்கு விளையாட வசதி வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொழுதுபோக்கு ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கும் பொழுதுபோக்கு. ஆலைக்குள் ஒரு கேன்டீன், ஒரு கழிப்பறை, ஒரு ஓய்வறை என்ற வரிசையில் விளையாட்டும் ஒன்று. வேலைக்கு நடுவே அளந்து கொடுத்த விளையாட்டை எந்தக் குழந்தையும் விளையாட்டு என்று எண்ணாது. பூட்டிய பூங்காவாவது வெளியில் நின்று பார்க்கலாம்.

1996 டிசம்பர் 10ல் வந்த தீர்ப்பு இதைச் சரிசெய்தது. அபாயகரமான தொழிலில் குழந்தையை வைத்த ஒவ்வொரு முதலாளியும் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை, முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். இதில் பொழுதுபோக்கு வசதி என்பது பெரிய விஷயமாக இல்லை. தேவைப்படவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் சாயங்காலம் தானாக வந்துவிடும். 2016ல் சட்டத்தைத் திருத்தி எல்லாத் தொழிலிலும் 14 வயதுக்குக் கீழே கூடாது என்றார்கள். வீட்டுத் தொழில் விலக்கு வேறு உருவத்தில் அப்போதும் ஒட்டிக்கொண்டது.

இனிப் பூங்காவுக்கு நிலம். இன்றைய தமிழ்நாட்டு விதிப்படி பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். சென்னை அடுக்குமாடிக்காரர்கள் இந்த விதியை எதிர்த்துப் போன வழக்கில், விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொன்னது. சின்ன ஊர்களில் சின்னச் சின்ன மனைப்பிரிவுகள்தான் அதிகம். அங்கே அந்தப் 'பதில் பணம்' எங்கே போகிறது, அதில் எந்தத் தெருவுக்கு ஊஞ்சல் வருகிறது என்று கேட்பது இந்தக் காலத்துப் புகார். அதைக் கேட்க ரசீது நம்பர் வேண்டும், தகவல் உரிமை மனு வேண்டும். அறுந்த சங்கிலியைப் போட்டோ எடுத்துப் போடுவது மாதிரி இல்லை.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகள் வழியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. நடுவில் வெறும் மண். அந்த மண் சும்மா கிடக்கவில்லை. வெடிபொருள் விதிகள், 2008 ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும், ஆலைக்கும் வெளியே உள்ள வீட்டுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்று மீட்டர் கணக்கில் சொல்கிறது. ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக. இந்த வட்டாரத்தில் காலி நிலத்தை இவ்வளவு கவனமாக அளந்த இடம் வேறு இல்லை. மருந்துக்கு அளந்தது போலப் பிள்ளைகளுக்கும் யாராவது அளந்திருக்கலாம்.

2021ல் சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சி ஆகிவிட்டன. விருதுநகர் 1985லேயே மாவட்டத் தலைநகர். திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர், பட்டாசு ஆலை விபத்து நிவாரணம் என்று கையில் கவரோடு கூட்டம் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் யாராவது ஒருவர் ஊஞ்சல் சங்கிலி அறுந்து போனது பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தால், அதற்கும் மற்ற மனுக்களைப் போலவே ஒரு நம்பர் போட்டு, முத்திரை குத்தி, ரசீது கொடுக்க வேண்டும்.